அண்மையும் உரிமையும்: ஹாய்னுஃப்கா மாவட்டத்தில் ஒரு கோட்பாட்டின் சோதனை

சிறிய சமூகம் தானே செய்துகொள்ளக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்றும், அதனால் இயலாதவிடத்துக் கைகொடுப்பதே பெரிய அமைப்பின் கடமை என்றும் கூறும் கத்தோலிக்கச் சமூகப் போதனை துணைமைக் கோட்பாடு எனப்படும். திருத்தந்தை 11ஆம் பயஸ் 1931இல் தம் சுற்றுமடலில் வகுத்துரைத்த இக்கோட்பாட்டை 1997ஆம் ஆண்டின் போலந்து அரசியலமைப்பு தன் முகவுரையிலேயே ஏற்றுக்கொண்டது. 1975இல் ஒழிக்கப்பட்ட 'போவியாட்' என்னும் மாவட்டங்கள் 1999இல் மீண்டும் அமைந்ததை அதன் நிர்வாக வடிவம் எனலாம்.

பெலாரஸ் எல்லையை ஒட்டிய ஹாய்னுஃப்கா மாவட்டத்தில், 'க்மினா' எனப்படும், தனக்கென மன்றமும் வரவுசெலவும் உடைய உள்ளாட்சிகள் ஒன்பது உள்ளன. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் பெரும்பான்மையாக வாழும் இம்மண்ணில் ரோமின் கோட்பாடு சோதனைக்குள்ளாவது ஒரு சிறு முரணே.

சோதனைக்குக் காரணம் பியாவோவியெஜா காடு. கடைசிக் காட்டெருமை 1919இல் கொல்லப்பட்டு, வளர்ப்பிலிருந்த காட்டெருமைகள் 1952 முதல் மீண்டும் விடப்பட்ட இக்காட்டின் போலந்துப் பகுதியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே தேசியப் பூங்காவாக உள்ளது. பூங்காவின் எல்லையை விரிக்க உள்ளாட்சி மன்றங்களின் இசைவு வேண்டும் என 2000ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் விதித்ததால், மரத்தொழிலையும் விறகையும் காளானையும் நம்பி வாழ்வோரின் அச்சம் அங்கே சட்ட வலிமை பெற்றது. அந்த அச்சம் நியாயமற்றதன்று. பூங்கா விரிந்தால் வரும் தடையின் சுமையைத் தாங்கப்போவோர் அவர்களே. ஆயினும் கோட்பாடு அண்மையை மட்டும் அளவுகோலாக்கவில்லை, செய்யும் ஆற்றலையும் கேட்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படும் மன்றம், பல நூற்றாண்டுகள் வாழும் கருவாலி மரங்களுக்காக முடிவெடுக்கும் ஆற்றல் உடையதா என்பதே இங்கு எழும் வினா.

அப்படியானால் பெரிய அமைப்பே அறிவுடையது என்று முடிவுகட்டவும் இயலாது. பட்டைவண்டுத் தாக்குதலைக் காரணம் காட்டி, காட்டின் ஒரு பகுதியில் மரம் வெட்டும் அளவை ஏறத்தாழ மும்மடங்காக்க 2016இல் ஒப்புதல் தந்தவர் வார்சாவில் இருந்த சுற்றுச்சூழல் அமைச்சர். அது ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானது என 2018இல் தீர்ப்பளித்தது அதனினும் தொலைவில், லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம். ஆனால் அந்த நீதிமன்றத்தால் வெட்டலைத்தான் கண்டிக்க முடிந்தது. பூங்காவின் எல்லையை நகர்த்தும் அதிகாரம் அதற்கில்லை.