யாருடைய பல்லாங்குழி?

போன பொங்கலுக்குச் செலாயாங்கில் எங்கள் குடியிருப்பு மண்டபத்தில் 'நம் பாரம்பரிய விளையாட்டுகள்' மேசைக்கு நான்தான் பொறுப்பு. பல்லாங்குழியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் பிள்ளைகள் வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். விதிகளை நானே கைப்பேசியில் பார்த்துத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பாசார் போரோங்கில் மூட்டை தூக்கும் ரொஹிங்கியாக்காரர் ஒருவரின் மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயதிருக்கும். கிட்டே வந்து, "இனி சோங்காக், கான்?" என்றாள். இல்லை, இது பல்லாங்குழி, எங்கள் விளையாட்டு என்று மலாயில் திருத்தினேன். பட்டியலில் பேர் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்றும் சொன்னேன். பேசாமல் போய்விட்டாள்.

நான் சொன்னது முழுப் பொய் இல்லை. சோங்காக்கில் இரு முனைகளிலும் 'ரூமா' என்று ஒரு பெரிய குழி உண்டு. பிலிப்பைன்ஸின் சுங்காவிலும் அப்படியே. பல்லாங்குழிக்கு அந்த வீடு கிடையாது. ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் 'பசு' என்று அள்ளிக்கொள்வோம். வேறுபாடு இருக்கிறது. ஆனாலும் மூன்றையும் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கைகள் என்று யாருக்கும் தெரியும்.

'எங்களுடையது' என்று சொல்ல எனக்குக் காரணமும் இருந்தது. 1989-இல் வந்த 10 காசின் பின்புறம் சோங்காக் பலகை இருந்தது. 2012-இல் புதுக்காசு வரும்வரை அதை எண்ணித்தான் கடைக்குப் போனோம். பல்லாங்குழிக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் காலியானபோது பல ஆட்டங்கள் வாசலோடு போயின. பெயரையும் விட்டுவிட்டால் நமக்கு என்ன மிஞ்சும்? சிறுபான்மையினர் தம் பொருளுக்குப் பெயர் சொல்வதைத் தற்பெருமை என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் பெயரைக் காப்பது வேறு, ஆளை விலக்குவது வேறு. அன்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். 'பெண்டாத்தாங்' என்று யாராவது நம்மைச் சொன்னால் எரிகிறது இல்லையா? மூன்று நான்கு தலைமுறை இங்கே உழைத்தோம் என்கிறோம். அதே நான், அரசுப் பள்ளியில்கூட இடமில்லாத ஓர் அகதிக் குழந்தையிடம், இது எங்களுடையது, நீ போ என்றேன்.

நிலத்தைப் பங்கு போட்டால் குறையும். ஆட்டம் அப்படியா? எதிரே ஒருவர் உட்காராவிட்டால் பல்லாங்குழியே இல்லை. கையில் அள்ளிய முத்தை எதிராளியின் குழியிலும் ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் ஆக வேண்டும், அது விதி. அன்று மாலைவரை என் மேசையில் ஒரு முழு ஆட்டம்கூட நடக்கவில்லை. அங்கே வந்தவர்களில் விளையாடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதானோ என்னவோ.

வரும் பொங்கலுக்கும் மேசை என் பொறுப்பில்தான். பல்லாங்குழி என்ற பெயர் பதாகையில் இருக்கட்டும், பட்டியல் வேண்டாம் என்று குழுவில் சொல்லியிருக்கிறேன். "அப்புறம் எல்லாரும் வந்துருவாங்களே," என்றார் ஓர் அண்ணன். வரட்டுமே என்றேன். இன்னும் முடிவாகவில்லை.