சூட்டிய பெயரும் சுமந்த பெயரும்

தூய உள்ளத்தோடு சூட்டப்பட்ட பெயர், அதைச் சுமப்பவரைப் புண்படுத்தக்கூடுமா? ‘ஹரிஜன்’ என்ற சொல்லின் வரலாறு இக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

‘தீண்டத்தகாதவர்’ என்ற இழிசொல்லுக்கு மாற்றாக, ‘இறைவனின் மக்கள்’ எனப் பொருள்படும் இச்சொல்லை மகாத்மா காந்தி 1930களின் தொடக்கத்தில் ஏற்றார். 1933இல் அதே பெயரில் வார இதழையும் தொடங்கினார். அவரது அன்பை ஐயுற இடமில்லை. ஆயினும் 1938இல் பம்பாய்ச் சட்டசபையின் மசோதா ஒன்றில் அச்சொல் இடம்பெற்றபோது, டாக்டர் அம்பேத்கரும் அவருடைய கட்சியினரும் எதிர்ப்புத் தெரிவித்து வெளிநடப்புச் செய்தனர். அனைவரும் இறைவனின் மக்களே என்றால், ஒரு பிரிவினருக்கு மட்டும் அப்பெயர் எதற்கு? பெயர் உயர்ந்த பின்னும் ஊர்க்கிணறு அவர்களுக்கு மறுக்கப்பட்டே இருந்ததே! இச்சொல் வசையாகவும் ஏளனமாகவும் பயன்படுவதை 2017இல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

1972இல் பம்பாயில் ‘தலித் பாந்தர்ஸ்’ இயக்கம் தோன்றிய பின், ‘தலித்’ என்ற சொல் எங்கும் பரவியது. ‘நொறுக்கப்பட்டவர்’ என்பது அதன் பொருள். பிறர் தந்த புகழ்ச்சொல்லை விடுத்து, தங்கள் வேதனையை உரைக்கும் சொல்லை அவர்களே தேர்ந்தனர். இது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

மறுபுறம், அந்தப் பழைய சொல்லைச் சொல்லியே சேரிகளில் பள்ளி நடத்திய பெரியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். “தாத்தா, அப்படிச் சொல்லக்கூடாது” என்று பேரன் திருத்துகிறான். பெரியவர் மௌனமாகிவிடுகிறார். தம் வாழ்நாள் தொண்டையே குற்றம் என்று கூறிவிட்டதாக அவருக்குத் தோன்றுகிறது. அந்த வலியும் பொய்யன்று. இளைஞர்கள் பலர் இதை உணர்வதில்லை.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு இயல்பானது, என்றும் உள்ளது என்பர் மீமாம்சகர். அது வழக்கத்தால் ஏற்பட்ட உடன்பாடு என்பர் நியாய தரிசனத்தார். இங்கே நியாயத்தின் பக்கமே சாய வேண்டியுள்ளது. உடன்பாடு என்றால் அதில் இரு தரப்பு உண்டு. ‘நான் நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன்’ என்பது பெரியவரின் உள்ளத்துக்குச் சான்றாகலாம். சொல்லின் பொருளுக்குச் சான்றாகாது. மேலும், அவர் இழப்பது ஒரு சொல்லை. மற்றவரோ அதைச் சான்றிதழிலும் தெருவின் பெயரிலும் சுமந்தவர்.

நேருக்கு நேர் பேசுகையில் இச்சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. அவரவர் பெயரே போதுமானது. கொடுமையைப் பற்றிப் பேசும்போதுதான் பொதுப்பெயர் தேவைப்படுகிறது. ‘தலித்’ என்பதையும் வேண்டாம் என்போர் அம்மக்களிடையே உள்ளனர். அவர்களிடம் பெரியவர் மட்டுமல்ல, பேரனும் கேட்டறியத்தான் வேண்டும்.