நிறுத்தத் தெரிந்தவர்கள்

1645ஆம் ஆண்டு ஜூன் 14, சனிக்கிழமை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள நேஸ்பி என்ற சிற்றூருக்கு வடக்கே, காலை மூடுபனி விலகியபோது இரண்டு படைகள் எதிரெதிர் மேடுகளில் நின்றன. ஒன்று மன்னர் முதலாம் சார்லஸின் படை. மற்றது அவருடைய நாடாளுமன்றமே அவருக்கு எதிராகத் திரட்டிய படை. சில மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளாக எந்தப் பக்கமும் சாயாமல் இழுத்துக்கொண்டிருந்த உள்நாட்டுப் போர் அன்று ஒரு பக்கம் சாய்ந்தது. மன்னர் தரப்பு அதன் பிறகு நிமிரவே இல்லை.

அந்த நாளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் வீரத்தில் நிற்பதில்லை. துணிச்சல் இரு பக்கமும் நிறையவே இருந்தது. வென்றுகொண்டிருக்கும் கணத்தில் தன்னை நிறுத்திக்கொள்ளும் திறம் ஒரு பக்கத்திடம் மட்டும் இருந்தது. அது அவர்களிடம் எவ்வளவு நேரம் தங்கியது, எங்கே கைவிட்டது என்பதை நாம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நாட்டை ஆள்கிறவர்களுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல அது.

அந்த உள்நாட்டுப் போர் ஒரு பங்காளிச் சண்டை. 1642 ஆகஸ்டில் நாட்டிங்ஹாமில் மன்னர் போர்க்கொடி ஏற்றியபோது குடும்பங்கள் நடுவில் பிளந்தன. மன்னரின் கொடியை ஏந்தி நின்றவர் சர் எட்மண்ட் வெர்னி. அவருடைய மூத்த மகன் ரால்ஃப் நாடாளுமன்றத்தின் பக்கம் போனார். தந்தை இரண்டு மாதத்தில் எட்ஜ்ஹில் போரில் அந்தக் கொடியோடு விழுந்தார். வில்லியம் வாலரும் ரால்ஃப் ஹாப்டனும் பழைய நண்பர்கள். 1643இல் எதிரெதிர்ப் படைகளுக்குத் தளபதிகளாக நின்றபோது வாலர் ஹாப்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தப் போரை முழு மனதோடு வெறுக்கிறேன், ஆனாலும் உன்மீது எனக்குள்ள அன்பு குறையவில்லை என்பது அதன் சாரம். சில வாரங்களில் இருவர் படைகளும் லான்ஸ்டவுன் குன்றில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன.

மன்னரின் குதிரைப்படைத் தலைவர் இளவரசர் ரூபர்ட், அவருடைய அக்காள் மகன். எட்ஜ்ஹில்லில் அவருக்கு 22 வயது. அவர் பாய்ந்த வேகத்தில் எதிர்ப்பக்கக் குதிரைப்படை சிதறி ஓடியது. ரூபர்ட்டின் வீரர்கள் ஓடியவர்களைத் துரத்திக்கொண்டு கைன்டன் ஊர்வரை போய், அங்கே நின்ற சரக்கு வண்டிகளைக் கொள்ளையடிப்பதில் மூழ்கினார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் மன்னரின் காலாட்படை துணையில்லாமல் அடிபட்டுக் கிடந்தது. அன்றே முடிந்திருக்கக்கூடிய போர் முடியவில்லை.

நாடாளுமன்றத் தரப்பு தன் தோல்விகளிலிருந்து மெல்லக் கற்றது. 1645 தொடக்கத்தில் பழைய படைகளைக் கலைத்து, சுமார் 22,000 பேர் கொண்ட ஒரே படையாகத் திரட்டத் திட்டமிட்டது. தலைமை 33 வயதான சர் தாமஸ் ஃபேர்ஃபாக்ஸிடம் போனது. காலாளுக்கு நாளுக்கு 8 பென்ஸ், குதிரை வீரனுக்கு 2 ஷில்லிங் என்று ஊதியம் வகுக்கப்பட்டது. அந்தக் காலாட்களில் பலர் தாமாக வந்தவர்கள் அல்லர், கட்டாயமாகப் பிடித்துவரப்பட்டவர்கள். ஆகவே அந்தப் படையைப் புனிதர்களின் கூட்டமாகக் கற்பனை செய்வது சரியில்லை. ஆனால் பசியோடு கொள்ளையை நம்பி இருக்கிறவனை எதிரியின் சரக்கு வண்டிக்கு அருகில் யாராலும் நிறுத்த முடியாது. நேரத்துக்குக் கூலி பெறுகிறவனிடம் ஒழுங்கைக் கேட்கலாம். ஒழுக்கத்துக்குப் பின்னால் இப்படி ஒரு சோற்றுக் கணக்கு இருக்கிறது. அறத்தைப் பேசுகிற நாம் அதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

மன்னர் பக்கத்தில் மே மாத இறுதியில் ஒரு வெற்றி கிடைத்தது. லெஸ்டர் நகரத்தைத் தாக்கிப் பிடித்தார்கள், சூறையாடினார்கள். அந்தக் களிப்பு ஆலோசனை மண்டபத்துக்குள்ளும் புகுந்தது. புதிய படையை ஒரு பொருட்டாகவே மதிக்காத அரசவைக்காரர்கள் போருக்குத் தூண்டினார்கள். மேற்கே இருந்த மன்னரின் தளபதி கோரிங் தன் குதிரைப்படையோடு வந்து சேரவில்லை. நேஸ்பியில் மன்னரிடம் இருந்தது பத்தாயிரத்தை ஒட்டிய படை. எதிரே நின்றது பதினான்காயிரத்துக்கும் மேல். எண்ணிக்கை வேறுபாடு பெரியதுதான். ஆனால் எண்ணிக்கையே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடவில்லை என்பதற்கு முதல் அரை மணி நேரமே சாட்சி.

மன்னரின் காலாட்படை மேடேறி வந்து ஃபேர்ஃபாக்ஸின் நடு அணியைப் பின்னுக்குத் தள்ளியது. அந்த அணியின் தலைவர் ஸ்கிப்பன் விலாவில் குண்டு பாய்ந்தும் களத்தை விட்டுப் போகவில்லை. ரூபர்ட் வலப்பக்கத்திலிருந்து பாய்ந்து, எதிரே நாடாளுமன்றத் தரப்பில் நின்ற அயர்ட்டனின் குதிரைப்படையில் பெரும்பகுதியை உடைத்துக்கொண்டு போனார். அயர்ட்டன் காயம்பட்டுப் பிடிபட்டார். அதுவரை எட்ஜ்ஹில் போலவே நடந்தது; அதற்குப் பிறகும் அப்படியே நடந்தது. ரூபர்ட்டின் குதிரைகள் நிற்கவில்லை. நேஸ்பி ஊர் அருகே இருந்த சரக்கு வண்டிகள்வரை போயின. காவலர்கள் சரணடைய மறுத்துச் சுட்டார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டு எட்டு மாதம் கடந்திருந்தது; இளவரசருக்கு 25 வயது; அதே பிழை.

எதிர் முனையில் நாடாளுமன்றக் குதிரைப்படையின் தலைவர் ஆலிவர் கிராம்வெல்லும் தன் எதிரே நின்ற லாங்டேலின் குதிரைப்படையை உடைத்தார். அங்கேதான் எல்லாம் திரும்பியது. ஓடியவர்களைக் கவனிக்க ஒரு பகுதியை அனுப்பிவிட்டு, மற்றவர்களை நிறுத்தி, அணி சேர்த்து, நடுவில் போராடிக்கொண்டிருந்த மன்னரின் காலாட்படைமீது பக்கவாட்டில் திருப்பினார். முழு வேகத்தில் போகும் குதிரை, முதுகு காட்டி ஓடும் எதிரி, காதில் வெற்றி ஓலம் என்ற நிலையில் ஆயிரக்கணக்கான பேர் ஒரு சொல்லுக்கு நின்றார்கள். மன்னர் தரப்பின் வரலாற்றை எழுதிய கிளாரண்டன் பிரபுவே இந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறார்: தங்கள் குதிரைப்படை வென்றாலும் மறுபடி அணிசேராது, கிராம்வெல்லின் படை வென்றாலும் தோற்றாலும் உடனே அணிசேர்ந்து அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் என்கிறார்.

மன்னர் சும்மா நிற்கவில்லை. எஞ்சிய குதிரைப்படைக்குத் தலைமை தாங்கித் தானே பாய முற்பட்டார். அருகில் இருந்த கார்ன்வாத் பிரபு அவருடைய கடிவாளத்தைப் பிடித்து இழுத்தார் என்று கிளாரண்டன் எழுதுகிறார். குதிரை திரும்பியது. அதைப் பார்த்த வீரர்கள் பின்வாங்க உத்தரவு என்று நினைத்து ஓடினார்கள். காலாட்படையில் ஏறக்குறைய முழுவதும், நாலாயிரத்து ஐந்நூறுக்கும் குறையாதவர்கள், கைதானார்கள். மன்னரின் பீரங்கிகள் எல்லாம் போயின. அப்படி ஒரு காலாட்படையை அவரால் பிறகு திரட்ட முடியவில்லை. ஒரே போர் உள்நாட்டுப் போரைத் தீர்மானித்தது என்று சொல்வதன் பொருள் இதுதான்: இழந்ததை ஈடுசெய்ய ஒரு பக்கத்திடம் ஆளும் பணமும் நேரமும் இல்லாமல் போவது. ஜூலையில் லாங்போர்ட்டில் கோரிங் தோற்றார். செப்டம்பரில் ரூபர்ட் பிரிஸ்டல் நகரத்தை ஒப்படைத்தார். மறு ஆண்டு ஜூனில் மன்னரின் தலைமையிடமான ஆக்ஸ்ஃபோர்டும் வீழ்ந்தது.

களத்தில் பிடிபட்டவற்றில் ஒரு பெட்டி இருந்தது. மன்னரின் அந்தரங்கக் கடிதங்கள். நாடாளுமன்றம் அவற்றை லண்டனில் வாசிக்கச் செய்து, ஜூலையில் நூலாகவும் அச்சிட்டது. சீர்திருத்தச் சமயத்தைக் காப்பேன் என்று ஊருக்கு உறுதி கூறியவர், பிரான்ஸில் இருந்த அரசிக்கு எழுதியபோது கத்தோலிக்கர்மீதான சட்டங்களை நீக்கவும், அயர்லாந்திலிருந்தும் அயல்நாட்டிலிருந்தும் படை கொண்டுவரவும் வழி பேசியிருந்தார். தன்னை நம்பி ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய நாடாளுமன்ற உறுப்பினர்களையே இழிவாகக் குறிப்பிட்டிருந்தார். அவருக்காக மகனை, நிலத்தை, கைகாலை இழந்தவர்கள் இதைப் படித்தார்கள். கணவன் மனைவிக்கு எழுதிய கடிதத்தை ஊரறிய அச்சிட்டது நாகரிகமான செயல் அல்ல என்றே நான் நினைக்கிறேன். ஆயினும் பெட்டியைத் திறந்தவர்கள் அதில் பொய்யை எழுதி வைக்கவில்லை. படை போனதும் மன்னருக்கு மிஞ்சியிருக்க வேண்டியது அவருடைய வாக்கு. அதை அவர் முன்பே செலவழித்திருந்தார்.

இனி நான் எழுதப்போவது வென்றவர்களைப் பற்றி. தோற்றோடிய படையின் சாமான்களோடு பெண்கள் இருந்தார்கள். படைவீரர்களின் மனைவியர், சமைத்துப்போட வந்தவர்கள். நாடாளுமன்ற வீரர்கள் அவர்களில் நூறு பேரையாவது கொன்றார்கள். வேறு பலரின் முகங்களைக் கத்தியால் கீறினார்கள். ஐரிஷ்காரிகள் என்றும் விபசாரிகள் என்றும் சொல்லிக் கொன்றார்கள். வேல்ஸ் மொழி பேசியதால் ஐரிஷ்காரிகள் என்று நினைத்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. ஐரிஷ்காரிகளாகவே இருந்திருந்தாலும் குற்றம் குறையாது. இங்கிலாந்தில் ஆயுதத்தோடு பிடிபடும் ஐரிஷ் கத்தோலிக்கருக்கு உயிர்ப்பிச்சை கிடையாது என்று எட்டு மாதம் முன்பே, 1644 அக்டோபரில், நாடாளுமன்றம் ஆணை பிறப்பித்திருந்தது. அந்தப் பெண்களின் கையில் படைக்கலம் இல்லை. இரக்கம் காட்ட வேண்டாதவர்கள் என்று ஒரு கூட்டத்தைச் சட்டம் குறித்துவிட்டால், கத்தி பிடித்தவன் அந்தக் கூட்டத்தின் எல்லையை அளந்து பார்ப்பதில்லை. காலையில் ஒரு சொல்லுக்கு நின்ற அதே படை மாலையில் நிற்கவில்லை. நிற்கச் சொல்லி யாரும் குரல் கொடுத்ததாகவும் தெரியவில்லை.

நம் வீடுகளிலும் இது நடக்கிறது. சொத்து வழக்கில் ஜெயித்த அண்ணன், தீர்ப்பு நியாயமாகவே தன் பக்கம் வந்திருந்தாலும், தம்பி பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்று சொந்தங்களிடம் சொல்லி அனுப்புகிறார். வழக்கு நிலத்தைப் பற்றியது. அது முடிந்துவிட்டது. அவரால் நிறுத்த முடியவில்லை. பொறுத்துப் பொறுத்துச் சேர்த்த கோபத்துக்கு ஒரு பாத்தியதை இருப்பதாக அவர் நம்புகிறார். அதற்கான விலையை அந்த வழக்கைப் பற்றி எதுவும் அறியாத குழந்தைகள் கொடுக்கிறார்கள்.

மன்னரால் தோல்வியிலும் நிறுத்த முடியவில்லை. அந்த ஜூலையிலேயே, இனிச் சமாதானம் ஒன்றே வழி என்று ரூபர்ட் சொன்னார். களத்தில் நிற்கத் தெரியாதவருக்கு அந்த நேரத்தில் தெளிவு வந்திருந்தது. அவரை நான் மதிப்பது அதற்காக. மன்னர் மறுத்தார். படைவீரனாகவோ அரசியல் அறிந்தவனாகவோ பார்த்தால் அழிவுதான் தெரிகிறது, ஆனால் கடவுள் கலகக்காரர்களை வாழவிடமாட்டார் என்ற பொருளில் பதில் எழுதினார். 1647 இறுதியில் கைதியாக இருந்தபடியே, ஒரு பக்கம் நாடாளுமன்றத்தோடு பேச்சு நடத்திக்கொண்டு, மறுபக்கம் ஸ்காட்லாந்துக்காரர்களோடு ரகசிய உடன்பாடு செய்தார். அதனால் 1648இல் இரண்டாவது போர் மூண்டது. 1649 ஜனவரி 30 அன்று அவர் தலை வெட்டப்பட்டது.

வென்றவர்களும் ஒன்றாக இல்லை. நேஸ்பி களத்திலிருந்து கிராம்வெல் நாடாளுமன்ற அவைத்தலைவருக்கு எழுதிய கடிதத்தின் முடிவில், நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு மனச்சாட்சியின் சுதந்திரம் வேண்டும் என்று கேட்டிருந்தார். மக்களவை கடிதத்தை அச்சிட்டபோது அந்தப் பகுதியை விட்டுவிட்டது. களத்தில் ரத்தம் காய்வதற்குள், யாருக்காகப் போரிட்டோம் என்ற கேள்வி வென்றவர்களுக்குள்ளேயே மறைக்கப்பட்டது. 1648 டிசம்பரில் படை அந்த மக்களவையிலிருந்து பிடிக்காத உறுப்பினர்களை வாசலிலேயே தடுத்தது. 1653இல் எஞ்சியிருந்தவர்களையும் கிராம்வெல் வீரர்களைக் கொண்டு வெளியேற்றினார். நாடாளுமன்றத்தைக் காக்க எழுந்த படை அது.

அவர்களில் ஃபேர்ஃபாக்ஸ் என்னை நெடுநேரம் நிறுத்திவைக்கிறார். 1646இல் ஆக்ஸ்ஃபோர்டு விழுந்தபோது, போட்லியன் நூலகத்துக்குச் சேதம் வராமல் காவல் போட்டார். அவரும் கறையில்லாதவர் அல்லர். 1648இல் கோல்செஸ்டர் சரணடைந்தபின் லூகஸ், லைல் என்ற இரு மன்னர் தரப்புத் தளபதிகளைச் சுட்டுக் கொல்லச் செய்தார். மன்னரை விசாரிக்க அமைத்த குழுவில் அவர் பெயர் முதல் வரிசையில் இருந்தது. முதல் கூட்டத்துக்குப் பிறகு அவர் போகவில்லை. விசாரணைக் கூடத்தில் எதிர்ப்புக் குரல் எழுப்பியவர் அவருடைய மனைவி ஆன். தளபதி அவர், படை அவருடையது. அவர் வாய் திறந்து தடுக்கவில்லை. தன்னை விலக்கிக்கொண்டால் போதும் என்று நினைத்தார் போலும். நல்லவர்கள் பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் கை சுத்தமாக இருக்கிறது, காரியம் நடந்துவிடுகிறது.

1650 ஜூனில் ஸ்காட்லாந்துமீது படையெடுக்கும்படி அவரிடம் சொன்னார்கள். அவர்கள் நம்மைத் தாக்கப்போகிறார்கள், நாம் முந்திக்கொள்வோம் என்பது வாதம். தாக்கக்கூடும் என்ற ஊகம் அண்டை நாட்டின்மீது போர் தொடுக்கப் போதுமான காரணம் ஆகாது என்று இந்த முறை அவர் வெளிப்படையாகவே மறுத்துப் பதவியைத் துறந்தார். கிராம்வெல்லே நேரில் போய் மன்றாடியும் மாறவில்லை. உடனே கிராம்வெல்லைத் தலைமைத் தளபதியாக அமர்த்தினார்கள். ஜூலையில் படை எல்லையைக் கடந்தது. செப்டம்பரில் டன்பார் போரில் பிடிபட்ட ஸ்காட்டியக் கைதிகளில் ஆயிரக்கணக்கானோரைத் தெற்கு நோக்கி நடத்திக் கொண்டுபோனார்கள். பலர் வழியிலும், டர்ஹாம் பேராலயத்தில் அடைக்கப்பட்டும், பசியாலும் நோயாலும் இறந்தார்கள். ஃபேர்ஃபாக்ஸ் அப்போது யார்க்ஷயரில் தம் வீட்டில் இருந்தார்.