வீடு மாறும் குழந்தைக்கு மெய் சொல்லுதல்

சென்ற பௌர்ணமிக் கூட்டம் கலைந்தபின் ஓர் உபாசிகை நம்மிடம் வந்து நின்றார். "ஐயா, அடுத்த மாதம் ஓசூருக்குக் குடிபோகிறோம். பையனிடம் இப்போதே சொல்லட்டுமா, சாமான் ஏற்றுகிற அன்று சொன்னால் போதுமா? இப்போதே சொன்னால் தினமும் அழுவானே" என்றார். எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. ஏனெனில், இதே கேள்வி முன்பு நம் வீட்டில் எழுந்தபோது நாம் தவறிழைத்தோம்.

நாம் கோலார் தங்கவயலில் பிறந்தோம். பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து மூட்டை சுமந்து வந்தவர். தந்தையார் சுரங்கத்தில் இறங்கியவர். நமக்கோ பெங்களூரில் பஞ்சாலை வேலை. மாரிக்குப்பத்திலிருந்து ரயிலில் போய்வந்துகொண்டிருந்தோம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், நூறாண்டுக்கு மேல் நடந்த சுரங்கம் மூடப்பட்டது. தந்தையார் கூலியின்றி வீட்டிலிருந்தார். அவ்வாண்டிலேயே குடும்பத்தைப் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டோம். மகளுக்கு அப்போது ஏழு வயது. "இரண்டு நாளில் திரும்பிவிடலாம், கண்ணு" என்று சொல்லி அவளை ரயிலேற்றினோம். அவளும் ஒரே ஒரு மாற்றுடையை எடுத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள்.

தங்கவயலில் வளர்ந்தவர் அறிவர்: லைன் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் சயனைடு மேடு, ஷிப்டு மாறும்போது சங்கு, பூமிக்கடியில் பாறை வெடித்தால் அடுக்குப் பாத்திரமெல்லாம் குலுங்கும். அந்த அதிர்ச்சிக்கும் அஞ்சாமல் உறங்கிப் பழகியவள், பெங்களூரின் ஒற்றை அறையில் சன்னல்வழி விழும் தெருவிளக்கின் வெளிச்சத்துக்கு அஞ்சி விழித்துக்கிடந்தாள். பள்ளியில் கன்னடம், பேச்சுத் துணையில்லை. ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் அந்த ஒற்றை உடையைப் பையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பாள்.

நாம் தம்ம நூல்களைப் படிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. கற்றதைக் காட்ட யாராவது வேண்டுமல்லவா! அவளை எதிரில் உட்காரவைத்து, வீடும் ஊரும் அநித்தியம், பற்றே துக்கத்துக்குக் காரணம் என்று உபதேசித்தோம். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்னது இவ்வளவே: "ரெண்டு நாள்னு சொன்னியே, நைனா?"

குழந்தையின் துயரைத் தவிர்க்கவே மறைத்தோம் என்று அதுவரை நம்மை நாமே தேற்றிக்கொண்டிருந்தோம். உண்மையில் தவிர்த்தது யாருடைய துயரை? அவள் அழுவதைக் காணச் சகியாத நம்முடைய துயரையே. முன்னரே சொல்லியிருந்தால் நம் மடியில் முகம் புதைத்து அழுதிருப்பாள். மறைத்ததனால் அவள் அழுகைக்குத் தகப்பன் மடியும் இல்லாமற்போயிற்று. ஊரை இழந்தவளுக்கு நம் சொல்லாவது மிஞ்சியிருக்க வேண்டும். அதையும் நாமே பறித்தோம். அநித்தியம் என்பது தன் துக்கத்தைத் தான் உற்றுநோக்குகிறவனுக்கு விளக்கு. பிறர் துக்கத்தின் வாயை அடைக்க அதைக் கோலாக எடுப்பது பெரும் பிழை.

இவ்விடத்தில் ராகுலனை நினைக்கவேண்டும். மரபின்படி அவனுக்கும் ஏழு வயதுதான். தாயின் சொற்படி தந்தையிடம் தன் உரிமைப் பங்கைக் கேட்டுப் பின்தொடர்ந்தவன், கபிலவத்துவின் அரண்மனையை விட்டுச் சங்கத்தில் சேர்ந்தான். பாட்டனாராகிய சுத்தோதனர் தம் வேதனையை மறைக்காமல் பகவானிடம் முறையிட்டார். பகவான் அவரை நோக்கி, பற்றை விடும் என்று போதிக்கவில்லை. பெற்றோர் இசைவின்றி எப்பிள்ளைக்கும் துறவு அளிக்கலாகாது என்று விதி வகுத்தார். ஒரு முதியவரின் துயரம் சங்கத்தின் விதியாயிற்று என்பதை உபதேசிகளாகிய நாம் மறக்கலாகாது.

பின்னர் அம்பலத்திகையில் தங்கியிருந்த ராகுலனைப் பகவான் தாமே காணச் சென்றார். கால் கழுவிய பாத்திரத்தில் எஞ்சிய சிறிது நீரைக் காட்டினார். அதைக் கொட்டிக் காட்டினார். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார். அறிந்து பொய் சொல்ல நாணாதவனின் துறவு இத்தகையது, விளையாட்டுக்கும் பொய் சொல்லாதே என்றார். அசோகர் வைராட்டுக் கல்வெட்டில் பிக்குகளும் உபாசகர்களும் கேட்டுச் சிந்திக்குமாறு பெயர்சொல்லிக் குறித்த ஏழு உரைகளுள், பொய்யைக் குறித்து ராகுலனுக்கு உரைத்ததும் ஒன்று. இவ்வுரையை நாம் பலமுறை வாசித்திருந்தோம். பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது என்றே கருதியிருந்தோம். தந்தை தன் நாவடக்கத்தோடு பிள்ளையின் எதிரில் அமர்வதே அதன் முதற்பாதி என்பது, மகளின் அந்தக் கேள்விக்குப் பிறகே விளங்கிற்று.

அடுத்த ஞாயிறன்று அவளை மாரிக்குப்பம் அழைத்துச் சென்றோம். "நைனா பொய் சொன்னேன். இனி நம் வீடு பெங்களூர்தான். இன்று பார்த்துவிட்டுத் திரும்புவோம்" என்று ரயிலிலேயே சொன்னோம். லைன் வீட்டுக் கதவில் வேறொருவர் பூட்டுத் தொங்கியது. அவள் சுவரில் கைவைத்து நின்றாள். பக்கத்து வீட்டுத் தோழியோடு மாலைவரை விளையாடினாள். திரும்பும்போது தேம்பி அழுது உறங்கிப்போனாள். அதன்பின் படியில் பையோடு உட்காரவில்லை. ஆயினும் நெடுநாள்வரை நாம் எதைச் சொன்னாலும் "மெய்யாவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகவே அந்த உபாசிகைக்கு இவ்வாறு சொன்னோம்: "இன்றே சொல்லுங்கள், அம்மா. மெய் சொல்வதென்றால் கடன் கணக்கையெல்லாம் பிள்ளை தலையில் கொட்டுவதன்று. எங்கே போகிறோம், ஏன் போகிறோம், எது கூட வரும், எது வராது, இவ்வளவு போதும். அவன் சாமானை அவனே கட்டட்டும். புதிய பள்ளிக்குப் போகும் வழியில் முன்கூட்டியே இரண்டு முறை அவனோடு நடந்து பாருங்கள். இங்குள்ள சிநேகிதனைக் காண என்று அழைத்துவருவீர்கள் என்பதை, முடிந்தால் மட்டும் சொல்லுங்கள்."

"வரமாட்டேன் என்று அடம்பிடித்தால்?" என்றார்.

"பிடிப்பான். நீங்களும் இந்த ஊரை விட்டுப்போக வருந்துகிறீர்கள்தானே? அதையும் அவனிடம் சொல்லுங்கள்" என்றோம். அம்மையார் சற்று நேரம் பேசாதிருந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசலில் செருப்புகளை வரிசையாக அடுக்கி விளையாடிக்கொண்டிருந்த பையனை அழைக்கப் போனார்.