தலையணை மேல் ஒரு டாலர்

மெக்ஸிகோவின் கான்கூன் கடற்கரை விடுதிகள் பலவற்றில், வந்து இறங்கியதுமே விருந்தினரின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். அறை, உணவு, மது எல்லாவற்றுக்கும் முன்பே பணம் கட்டியாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அதன்பின் அங்கே காசுக்கு அநேகமாக வேலையில்லை, டிப்ஸ் ஒன்றைத் தவிர.

யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று பயணிகள் கவலைப்படுகிறார்கள். இதை நாசூக்கு பற்றிய பிரச்னையாக எடுத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. கொடுப்பது தானமா, கடனா என்பதே கேள்வி.

ஸ்பானிஷில் இதற்குப் பெயர் ‘புரோபினா’. பிறர் நலம் வேண்டிக் குடிப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும்கூட ‘குடிக்கக் கொடுக்கும் காசு’தான். பெயரில் இருக்கும் இந்தத் தோழமை நடைமுறையில் இல்லை. மெக்ஸிகோவின் 1970ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 346ஆவது பிரிவில், விடுதித் தொழிலாளியின் ஊதியத்தில் இதுவும் ஒரு பகுதி என்கிறது. முதலாளி இதில் பங்கு கேட்க முடியாது. சட்டம் ஊதியம் என்பதை நாம் நம் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஊதியத்தில் ஒரு பகுதி அந்நியனின் மனநிலையைப் பொறுத்தது என்றானபின், புன்னகையும் வேலையாகிவிடுகிறது. விரிப்பு மாற்றுவதற்கு அளவுண்டு, புன்னகைக்கு இல்லை. கொடை, பதில்கொடையைக் கட்டாயமாக்குகிறது என்று மார்ஸெல் மோஸ் 1925இல் காட்டினார். திருப்பித்தர ஏதுமில்லாதவர் பணிவைத் தருகிறார்.

அப்படியானால் கொடுக்காமலிருப்பதே அறம் என்று வாதிடலாம். ஆனால் ஒருவர் மறுப்பதால் முறை மாறிவிடாது. அறையைச் சுத்தம் செய்யும் பெண்ணின் அன்றைய வரும்படிதான் குறையும்.

கடன் என்று ஒப்புக்கொண்டால் சில காரியங்கள் தெளிவாகின்றன. கடைசி நாளில் மொத்தமாக அல்ல, தினமும் காலையில் தலையணை மேல் வைக்கவேண்டும். நாளை வருபவர் வேறொருவராக இருக்கலாம். கூடவே ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். இல்லாவிட்டால் மறந்து விட்டுப்போன பணமென்று தொடத் தயங்குவார். நோட்டாகவே தரவேண்டும், அயல்நாட்டுச் சில்லறையை வங்கிகள் பொதுவாக மாற்றித் தருவதில்லை. அதை விட்டுச்செல்வது கொடுப்பதல்ல, பையைக் காலிசெய்வது. முக்கியமாக, நன்றிக்காகக் காத்து நிற்கக்கூடாது.

இவ்வளவுக்குப் பின்னும் கணக்கு தீர்வதில்லை. சலவை அறையிலும் சமையலறையின் பின்கட்டிலும் நிற்பவர்களை விருந்தினர் பார்ப்பதேயில்லை. எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாகிவிட்டது என்று மணிக்கட்டுப் பட்டை சொல்வது உண்மையல்ல.