கயிற்றின் மறுமுனை

சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில், ஒரு நீண்ட பள்ளத்தாக்கு முடியும் இடத்தில் அமைந்த ஜெர்மாட், 4,478 மீட்டர் உயரமுள்ள மாட்டர்ஹார்ன் சிகரத்தின் அடிவார ஊராகவே உலகத்தார்க்கு அறிமுகமானது. அவ்வூரின் புனித மொரீசியசு தேவாலயத்தை ஒட்டி, சுற்றுமலைகளில் உயிர் நீத்த மலையேறிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதைக் காண வருவோர் மனத்தில் பெரும்பாலும் எழும் கேள்வி, எவருக்கும் பயன்படாத ஓர் உச்சிக்காக உயிரைப் பணயம் வைப்பது தகுமா என்பதே. இக்கேள்வி இறந்தவரைத் தனியாளாக எண்ணிக்கொண்டு கேட்கப்படுகிறது. ஆனால், அங்குள்ளவற்றுள் மிகப் புகழ்பெற்ற கற்களே அவ்வெண்ணத்துக்கு இடம் கொடுப்பதில்லை.

1865 ஜூலை 14 அன்று மாட்டர்ஹார்னின் உச்சியை முதன்முதலில் அடைந்தவர்கள் எழுவர்: எட்வர்ட் விம்பர், பாதிரியார் சார்லஸ் ஹட்சன், பிரான்சிஸ் டக்ளஸ் பிரபு, பத்தொன்பது வயது டக்ளஸ் ஹேடோ ஆகிய பிரித்தானியர் நால்வர், சமோனி பள்ளத்தாக்கிலிருந்து வந்த வழிகாட்டி மிஷேல் குரோ, ஜெர்மாட்டைச் சேர்ந்த பீட்டர் டவுக்வால்டர் என்னும் ஒரே பெயர் கொண்ட தந்தையும் மகனும். ஹேடோவுக்கு அனுபவம் போதுமா என்ற ஐயத்தை விம்பர் எழுப்ப, ஹட்சன் அவருக்காக உறுதி கூறினார். இறங்கும்போது எழுவரும் ஒரே கயிற்றில் பிணைந்திருந்தனர். ஒருவர் கால் தவறினால் மற்றவர்கள் தாங்கிக்கொள்ளலாம் என்பதே இப்பிணைப்பின் நோக்கம். தாங்க முடியாவிட்டால் அனைவரும் விழவேண்டும் என்பதும் அதே ஏற்பாட்டின் மறுபக்கம். முன்னே சென்ற குரோ, தம் பனிக்கோடரியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஹேடோவின் பாதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாறையில் ஊன்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார் என்று விம்பர் பதிவு செய்திருக்கிறார். அவர் அடுத்த அடி வைக்கத் திரும்பிய நேரத்தில் ஹேடோ வழுக்கி அவர்மேல் விழ, ஹட்சனும் டக்ளசும் இழுபட, டக்ளசுக்கும் மூத்த டவுக்வால்டருக்கும் இடையே கயிறு அறுந்து, நால்வர் ஆயிரம் மீட்டருக்கும் கீழே உள்ள பனியாற்றில், அதாவது மலைச்சரிவில் மெல்ல நகரும் பனிப்பாளத்தில், வீழ்ந்தனர். மூவரின் உடல்கள் கிடைத்தன. டக்ளசின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஹேடோ மலையேற விரும்பி வந்தவர். குரோ கூலி பெற்று ஏறியவர். மலையேற்றத்தைத் தன்னிச்சையான துணிவாகப் போற்றும் எழுத்துகளில் இந்த வேறுபாடு எளிதில் காணாமற்போகிறது. குரோவுக்கும் மலைமீது காதல் இருந்திருக்கலாம், இருந்தது என்றே நம்பலாம்; ஆயினும் அன்று அவர் கைகள் செய்துகொண்டிருந்தது பிறருடைய விருப்பத்துக்கான வேலை. அவருடைய கல்லில் பொறிக்கப்பட்டிருப்பதும் நம்பிக்கைக்குரிய வழிகாட்டி என்ற தொழில்வழிப் புகழே.

பிழைத்தவரின் நிலையும் எளிதாக இல்லை. தம்மைக் காத்துக்கொள்ள மூத்த டவுக்வால்டர் கயிற்றை அறுத்துவிட்டார் என்ற வதந்தி பரவியது. அம்மாதத்திலேயே நடந்த விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தும், 1888இல் அவர் இறக்கும்வரை அப்பழி முற்றிலும் நீங்கவில்லை. கொண்டுபோன மூன்று வகைக் கயிறுகளில் மிக வலுக்குறைந்ததே அவ்விடத்தில் கட்டப்பட்டிருந்தது. தேவாலயத்துக்கு அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் அதன் துண்டு கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. துணி காயப்போடும் கொடிக்கயிறு போன்ற அது நான்கு பேரின் எடைக்கு நம்பப்பட்டது என்பதை, பிரிபிரியாய்ச் சிதைந்த அதன் நுனியைப் பார்த்த பின்னும் ஏற்பது கடினம்.

தோட்டத்திலுள்ள மற்றொரு கல்லில், ஓர் அமெரிக்க இளைஞரின் பெயருக்கு மேல் பனிக்கோடரி ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. மலையேறுவதைத் தாமே தேர்ந்துகொண்டதாக அவர் கூற்றாகவே ஒரு வரியும் உண்டு. படிப்போரைத் தடுத்து நிறுத்தும் வரி அது. ஆனால், கல்லறைக் கல்லை இறந்தவர் செதுக்குவதில்லை. அந்தத் தேர்வை அவர் சார்பில் எழுதிக் கையொப்பமிட்டவர்கள் உயிரோடு எஞ்சியவர்கள். அவர்களுக்கு அது பெருமையா, மன்னிப்பா, தங்களுக்கே சொல்லிக்கொண்ட ஆறுதலா என்று கல்லைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. எதுவாயினும், தேர்ந்தவர் ஒருவர், அத்தேர்வோடு எஞ்சிய காலம் முழுதும் வாழ்ந்தவர்கள் வேறு சிலர்.

ஊருக்கும் இச்சாவுகளில் ஒரு பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1865இன் விபத்து ஐரோப்பிய நாளேடுகளில் பேரிரைச்சலை எழுப்பியது. அஞ்சி விலகுவார்கள் என்று எதிர்பார்க்கத்தக்க பயணிகள் கூடுதலாக வந்தார்கள். 1891இல் ரயிலும் வந்து சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் பெரும்பாலான ஊர்களில் சாதாரணக் கல்லறைகள் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் கழிந்ததும் அகற்றப்பட்டு, அந்த நிலம் அடுத்தவர்க்கு வழங்கப்படுவது வழக்கம். நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்தும் நிற்கும் குரோவின் கல், எந்தச் சாவு நினைக்கத்தக்கது என்பதில் உயிருள்ளோர் காட்டும் பாரபட்சத்துக்கும் சான்றாகிறது. நோயில் படுத்து, வீட்டில் இறந்த தச்சருக்கு அத்தகைய நீண்ட தங்கல் கிடைப்பதில்லை.

காத்திருப்பும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. மாட்டர்ஹார்னில் 1970இல் காணாமற்போன ஜப்பானிய மலையேறிகள் இருவரின் எச்சங்கள், பனியாறு உருகிப் பின்வாங்கியதால் வெளிப்பட்டு, 2015இல் மரபணுச் சோதனை வழியே அடையாளம் காணப்பட்டன. அந்த 45 ஆண்டுகளை ஏறியவர்கள் கழிக்கவில்லை, உறவினர்கள் கழித்தார்கள்.

இவற்றைக் கொண்டு மலையேற்றமே தவறு என்று தீர்ப்பளிப்பது மிகை. அதே ஊரில் 1900இல் பிறந்த வழிகாட்டி உல்ரிக் இன்டர்பினன் மாட்டர்ஹார்னில் 370 முறைக்கு மேல் ஏறியவர். கடைசியாக ஏறியபோது அவருக்கு வயது 90. 2004இல், 103ஆம் வயதில் காலமானார். வானம் கருத்தால், அல்லது கூட வந்தவரின் கால் நடுங்கினால், உச்சி கண்ணெதிரே இருந்தாலும் திரும்பிவிடுவது வழிகாட்டித் தொழிலின் பாதி. ஹேடோவின் தகுதி பற்றிய ஐயம் அடிவாரத்திலேயே எழுந்தது. அவரை விட்டுவிட்டுப் போகவும் முடிந்திருக்கும். அப்படி நடந்திருந்தால் ஓர் இளைஞர் விடுதியில் மனம் புழுங்கியபடி ஒரு நாளைக் கழித்திருப்பார், அவ்வளவே. அத்தகைய திரும்புதல்களுக்கு எந்த ஊரும் கல் நடுவதில்லை என்பதால், கல்லறைத் தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மலையேற்றத்தைப் பற்றிக் கருத்துக் கூறுபவர் பாதிக் கணக்கையே படித்தவராகிறார்.