பொதுவழிக்குப் பட்ட கடன்

ஒரு மனிதனின் இயல்பை அவன் செய்யும் தொழிலைவிட அவனுக்கு வாய்க்கும் ஓய்வே தெளிவாகக் காட்டும். தொழிலில் அவனை நடத்துவன பல. ஊதியமும், மேற்பார்ப்போர் கண்ணும், வீட்டின் தேவையும், நாளையைப் பற்றிய அச்சமும் அவனை முன்னே செலுத்திக்கொண்டிருக்கின்றன. விடுமுறை நாளிலோ அவனைச் செலுத்துவது அவன் நெஞ்சம் ஒன்றே. அந்நாட்களில் உறங்கிக் களைப்பாறுவதும் குற்றமன்று. உறவினரைக் காண்பதும் ஊர் பார்ப்பதும் குற்றமன்று. ஆயினும், ஆண்டு முழுதும் காத்திருந்து பெற்ற சில நாட்களை, மண்வெட்டியும் கடகமும் ஏந்திக் கடலோரக் காட்டின் நடைவழியொன்றைச் செப்பனிடுவதற்குக் கொடுத்துவிடுவோர் எத்தலைமுறையிலும் சிலர் உளர். நம் இலங்கையில் சிரமதானம் என வழங்கும் இப்பணியைக் கண்டோர் அதனை ஈகை என்று புகழ்கின்றனர். அப்புகழ் சற்று மிகையானது. வழியில் நடந்தவன் அவ்வழிக்குக் கடன்பட்டவன். அதனைச் செப்பனிடும்போது தான் பட்ட கடனையே அவன் தீர்க்கிறான்.

இக்கடன் எவ்வாறு ஏறுகிறது என்பதை அறிய, ஒரு வழி எவ்வாறு அழிகிறது என்று பார்த்தல் வேண்டும். மழைநீர் தேங்கிய இடத்தில், காலில் சேறு படாதிருக்க ஒருவன் சற்று விலகி ஓரத்துப் புல்லின்மேல் அடி வைக்கிறான். பின்னால் வருபவனும் அவ்வாறே விலகுகிறான். மிதியுண்ட புல் மாய்ந்து அங்கும் நீர் தேங்க, அடுத்தவன் இன்னும் விலகி நடக்கிறான். இருவர் நடக்கப் போதுமாயிருந்த வழி சில மாரிகளில் வண்டிகள் விலகத்தக்க சேற்றுப் பரப்பாகிறது. கடலோர மணல்மேட்டிலும் இதுவே நிகழ்கிறது. இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் தம் வேர்களால் மணலைப் பற்றி நிற்கின்றன. கடலுக்குச் சுருக்குவழி தேடிய கால்கள் அவற்றை அறுத்துவிட்டால் காற்று மணலை அள்ளிச் செல்லும். மேட்டில் பிளவு விழும். கடல் பொங்கும் நாளில் அப்பிளவே அதற்கு வாயிலாகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, யால கரையோரத்தில் மணல்மேடுகள் உயர்ந்து நின்ற இடங்கள் காக்கப்பட்டதையும், மேடு குலைக்கப்பட்டிருந்த இடத்தில் நீர் உட்புகுந்து அழித்ததையும் பின்னர் ஆய்ந்தோர் கண்டனர். இவ்வகை அழிவில் சுட்டிக்காட்டத்தக்க தீயவன் பெரும்பாலும் இல்லை. கெடுக்க எண்ணியவர் எவருமிலர். தத்தம் வசதிக்காக ஒவ்வோர் அடி விலகியவர்களே எல்லோரும். ஆகவேதான் அக்கடன் எல்லோர்க்கும் பொதுவாகிறது. பொதுவானது என்பதனாலேயே ஒருவர் கணக்கிலும் ஏறாமற் போகிறது.

அதனைத் தீர்க்கும் பணியோ மிக எளியது. எளியது ஆதலால் அடக்கத்தை வேண்டுவது. வழியின் குறுக்கே சற்றுச் சாய்வாகக் கல்லையோ மரத்தையோ பதித்து, ஓடிவரும் நீரை ஓரத்துக்குத் திருப்ப வேண்டும். சுருக்குவழிகளைக் காய்ந்த கிளைகளால் அடைத்து, மாய்ந்த புல் மீண்டும் தளிர்க்க இடம் கொடுக்க வேண்டும். மணல்மேட்டில் கொடியின் தண்டுகளை நட்டு, அவை வேர் பிடிக்கும்வரை கால் படாமற் காக்க வேண்டும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் முன்னோர் கூறியது கடற்கரையைக் கண்டு கூறியது. தனியே கிடக்கும் கொடி காலுக்கு எளிது, படர்ந்து பின்னிய கொடியோ மேட்டையே தாங்கும். இப்பணியைச் செவ்வையாகச் செய்தவனுக்குப் பாராட்டுக் கிடைப்பதரிது. கெட்ட வழியை எல்லோரும் நொந்துகொள்வர். நல்ல வழியில் நடப்பவர் வழியை நினையாமலே நடந்துவிடுவர். வழியை வேண்டிய அளவுக்குமேல் அகலப்படுத்துவதும், அழகெனக் கருதி அயல்நிலத்துப் பூஞ்செடிகளை நடுவதும், கல்லில் தன் பெயரைப் பொறிப்பதும் காட்டுக்குச் செய்யும் தீங்குகளே. காட்டைக் காக்கும் பொறுப்புடையோரின் இசைவைப் பெற்று, அவர் காட்டிய எல்லைக்குள் நின்று, அவர் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துபவனே உண்மையில் உதவியவன்.

தமிழ் மரபு இவ்வறத்தைப் பிறரிடம் கற்க வேண்டியதில்லை. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர், பல்லவப் பேரரசனையே தம் வழிக்கு ஈர்த்த பெருமையுடையவராயிருந்தும், தம் கையில் ஏந்தியது உழவாரம் ஒன்றையே. கோயில் முற்றங்களில் புல் செதுக்கி, அடியார் கால் நோகாதவாறு வழி திருத்துவதை முதுமையிலும் அவர் விடவில்லை. திருப்புகலூரில் அவர் உழவாரம் பட்ட இடத்திலெல்லாம் பொன்னும் மணியும் தோன்றியதாகவும், அவற்றை அவர் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாவியில் எறிந்ததாகவும் சேக்கிழார் கூறுகிறார். பொன்னை வெறுத்தார் என்பதோடு இந்நிகழ்ச்சியின் பொருள் முடிந்துவிடாது. நடப்போர் காலுக்கு இடறாவது எதுவோ அது அகற்றத்தக்கது என்னும் ஒரே அளவுகோல் அவர் கையில் இருந்தது. அவ்வளவுகோலுக்குக் கல்லும் பொன்னும் ஒன்றாயின. பொதுப்பணிக்கு வருபவன் புகழையும் படத்தையும் நன்றியுரையையும் இவ்வாறே ஒதுக்கக் கற்க வேண்டும். அவை வழியில் கிடந்தால் முதலில் இடறுபவன் அவனே.

பிற நாட்டாரும் துன்பத்தின் ஊடே இதனைக் கண்டறிந்தனர். முதல் உலகப் போர் முடிந்தபின், 1920இல், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல் என்பவர், வெர்தன் போர்க்களத்தருகே சிதைந்து கிடந்த எசுன் என்னும் பிரெஞ்சுச் சிற்றூருக்குப் பல நாட்டுத் தொண்டர் சிலரை அழைத்துச் சென்றார். அவருள் செருமானியரும் இருந்தனர். வீடுகளை எழுப்பவும் வழிகளைத் திருத்தவும் அவர்கள் உழைத்தனர். பகையின் கசப்பு ஆறாத காலம் ஆதலால் அம்முகாம் சில திங்களில் கலைந்தது. ஆயினும் அதிலிருந்து உலகெங்கும் பரவிய தொண்டியக்கம் ஒன்று முளைத்தது. 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் செரெசோல் பீகார் வரை வந்து உழைத்தார். நம் கொழும்பிலிருந்தும் 1958ஆம் ஆண்டின் இறுதியில், நாலந்தா கல்லூரி ஆசிரியரான ஏ. ரி. ஆரியரத்ன, சாதியால் ஒதுக்கப்பட்டிருந்த கனத்தொலுவ என்னும் சிற்றூருக்குத் தம் மாணவரையும் உடனாசிரியரையும் அழைத்துச் சென்றார். நகரத்து இளைஞர் அவ்வூர் மக்களோடு தங்கி, அவர்களோடு உண்டு, அவர்களோடு மண் சுமந்தனர். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்து வளர்ந்து பல்லாயிரம் ஊர்களைத் தொட்டது. 1969இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. 2024இல் அவர் மறைந்தபோது எஞ்சியது விருதன்று; விடுமுறையைப் பிறர் ஊருக்குக் கொடுக்கலாம் என்னும் வழக்கம் ஒன்றே.

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமக்கு இவ்விடத்தில் தனியான ஒரு தயக்கம் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. நம்முள் பலர் போர்க்காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து தொடர்மாடிகளில் தங்கியோர், அன்றேல் அவர் மக்கள். நம் ஊர் வேறு, இது தங்குமிடம் என்னும் எண்ணம் உள்ளத்தின் அடியில் கிடக்கிறது. புகையிரதப் பாதைக்கு அப்பால் கிடக்கும் கற்கரையில் குப்பை ஒதுங்குவதைக் காண்கிறோம். அது மாநகர சபையின் வேலை என்று கடந்து செல்கிறோம். இழந்தவர்க்கு இவ்வெண்ணம் தோன்றுவது இயல்பே. அதற்காக அவரைக் கடிந்துரைக்க எவர்க்கும் உரிமையில்லை. ஆனால் அவ்வெண்ணத்திலேயே ஒரு வாழ்நாளைக் கழித்தவன், பிறந்த மண்ணையும் காக்க இயலாது, வாழ்ந்த மண்ணையும் பேணாது, எம்மண்ணுக்கும் உரியனாகாமல் முடிகிறான். மாலைதோறும் எந்தக் கரையில் காற்று வாங்குகிறோமோ அந்தக் கரைக்கு நாம் கடன்பட்டவர்களே. அக்கடனுக்கு உறுதிப்பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் தேவையில்லை.

2021ஆம் ஆண்டு அதனை நமக்கு உணர்த்தியது. மே மாதம் 20ஆம் நாள் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கொள்கலன் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஜூன் 2ஆம் நாள் மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்த ஏறத்தாழ 1,680 தொன் நெகிழி மணிகளில் பெரும்பகுதி சிதறி மேற்குக் கரையெங்கும் ஒதுங்கியது. பயற்றளவான அம்மணிகளை மணலிலிருந்து பிரிக்க இன்றும் எளிய வழியில்லை. அரிதட்டில் மணலை அள்ளி அலசி அலசியே எடுக்க வேண்டும். முழந்தாளிட்டு அமர்ந்து அப்பணியைச் செய்தோரில் இளைஞர் பலர். ஒருநாள் துப்புரவாக்கிய இடத்தில் மறுநாட் காலை அலை மீண்டும் மணிகளை விரித்திருக்கும். பயன் தெரியாத பணியைப் பொறுமையோடு செய்வதே பண்பின் உரைகல்; பயன் உடனே தெரியும் பணியை யாரும் செய்வர்.

இக்கடன் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் கதிர்காமத்துக்குச் செல்லும் கால்நடை வழி. ஆடித் திருவிழாக் காலத்தில் அடியவர்கள் உகந்தை முருகனை வணங்கிக் குமண காட்டுக்குள் நுழைந்து, குமுக்கன் ஆற்றைக் கடந்து, 1938இல் தேசியப் பூங்காவான யாலவின் ஊடே பல நாட்கள் நடக்கின்றனர். யானையும் கரடியும் சிறுத்தையும் வாழும் அக்காடு ஆண்டில் சில நாட்களே அவ்வழியை மனிதர்க்குத் திறந்துவிடுகிறது. நேர்த்தியோடு நடக்கும் கால்களே நீர்ப்போத்தலையும் உறையையும் ஓரத்தில் எறிந்துவிட்டுப் போவதும் உண்டு. வேலனை வேண்டிச் சென்றவன் வேலன் காட்டைக் கெடுத்தால் அவன் வேண்டுதல் எவ்வாறு நிறைவேறும்? நடப்பவர் பின்னே சாக்கு ஏந்திச் சென்று அவற்றைப் பொறுக்கி வருவோரின் நடையும் வழிபாடே. திருவிழாவுக்குச் செல்லும் விடுமுறையில் ஒருநாளை அதற்கு ஒதுக்குபவன் தன் நேர்த்தியைக் குறைத்தவன் ஆகமாட்டான், நிறைத்தவன் ஆவான்.

வரி செலுத்துகிறோம், ஆள் வைத்துச் செய்விக்கலாமே என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. கூலியாளின் பிழைப்பைத் தொண்டர் பறித்தல் தகாது. அரசு தன் கடமையைத் தொண்டர் தலையில் ஏற்றிவிட்டு ஓய்ந்திருத்தலும் தகாது. எனினும் பணத்தால் தீரும் கடனும் உண்டு, கையால் அன்றித் தீராத கடனும் உண்டு. நோயுற்ற தாய்க்குத் துணையாள் அமர்த்தியவனும் ஒருமுறையேனும் தன் கையால் அவளுக்கு நீர் கொடுக்க வேண்டும். சேற்றில் கல் பதித்தவன் மறுமுறை அவ்வழியே செல்கையில் சேற்றைக் கண்டு விலகான். நேரே மிதித்து நடப்பான். ஓரத்துப் புல்லின் விலை அவனுக்குத் தெரியும். அவ்வறிவை வரிச்சீட்டு தராது.

அவ்வறிவே அவன் வாழ்நாள் முழுதும் உடன்வருகிறது. இருபது அகவையில் பொதுவழியில் விலகாமல் நடக்கக் கற்றவன், நாற்பதில் அலுவலகத்தில் முறைதவறிய சுருக்குவழி திறந்திருக்கும்போது அதனுள் நுழையத் தயங்குவான். தன் ஓரடி பிறர்க்கு வழியாகிவிடும் என்பதை அவன் கண்ணாரக் கண்டவன். குடும்பத்தில் பெரியோனாகும்போது, எவரும் காணாத வேலைகளைச் செய்பவரை அவனால் காண முடியும். முதுமையில், தான் நட்ட கொடியை எவர் நட்டார் என்று அறியாத சிறுவர் அதன் மேட்டில் விளையாடுவதைக் கண்டு மகிழ அவனுக்கு மனம் இருக்கும். எப்போதும் தனக்கென விலகியே நடந்தவனுக்கோ, ஆண்டுகள் ஏற ஏற, நடக்கத்தக்க நிலம் குறைந்துகொண்டே போகும். எவரோ கெடுத்தார் என்று நொந்துகொண்டே அவன் முதுமையடைவான்.

ஆகவே அடுத்த விடுமுறை வரும்போது அதன் ஒரு பகுதியை முன்னரே பிரித்து வையுங்கள். உங்கள் கால்கள் அடிக்கடி நடக்கும் வழி எதுவென்று எண்ணிப் பாருங்கள். அதைக் காப்போர் எவரென்று அறிந்து, அவரிடம் சென்று, செய்யத்தக்க சிறு வேலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளை உடனழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கையில் கடகத்தைக் கொடுங்கள். செய்து முடித்தபின் அதைப்பற்றிப் பேசாதிருங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குச் செல்லுங்கள்; நடக்கும் காலமெல்லாம் கடன் ஏறிக்கொண்டே இருப்பதால், தீர்ப்பதும் நடக்கும் காலமெல்லாம் தொடர வேண்டியதே.